வயல் எந்த மடையில் இருக்கிறது? கதையில் சூழ்நிலை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் மாதம் ஒரு ஞாயிறு நாங்கள் பத்துப் பதினைந்து பேர் கூடி, எழுதிக் கொண்டுவந்த கதைகளை வாசித்து, ஒருத்தரை ஒருத்தர் ஏசிக்கொள்வோம். ஏச்சில் முக்கால்வாசி ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் நடக்கும். மழை, விலை, சட்டம், பிறப்பு என்று கதைமாந்தர் கையில் இல்லாத ஏதோ ஒன்று அவர்களைக் கொண்டுபோய் எங்கே விடுகிறது, அதை எழுதுகிறவர் எப்படிக் கையாள்வது? புதிதாக வருகிறவர்களும் இதே கேள்வியோடுதான் வருகிறார்கள். சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைக்கிறேன். பதில்கள் என்னுடையவை. கூட்டத்தில் பாதிப் பேர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

சூழ்நிலை, விதி, ஊழ், தற்செயல் எல்லாம் ஒன்றுதானே?

பேச்சில் ஒன்றுதான். "எல்லாம் தலையெழுத்து" என்று சொல்லிவிட்டு வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்து போய்விடலாம். எழுதும்போது பிரித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

தாமிரபரணிப் பாசனத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பாபநாசம் அணையில் தண்ணீர் திறந்தால் கால்வாய் வழியாக முதலில் தலைமடை வயலுக்குப் பாயும். கடைசியில்தான் கடைமடை. தண்ணீர் குறைந்த வருஷம் கடைமடைக்காரன் கால்வாயில் பாசியைத்தான் பார்ப்பான். அணை திறந்ததும் திறக்காததும் நடப்பு. அவன் வயல் கடைமடையில் கிடப்பது சூழ்நிலை. அது அவன் தாத்தா காலத்துப் பாகப்பிரிவினையில் முடிவானது, மூத்தவருக்கு மேல்பக்கம், இளையவருக்குக் கீழ்பக்கம் என்று. கார் சாகுபடி போய், அதற்கடுத்த பருவமான பிசானமும் பொய்த்தால் அவன் மகள் கல்யாணம் அடுத்த தைக்குத் தள்ளிப்போகும். தண்ணீர் வந்துசேர்ந்த ஒரே ராத்திரி அவன் காய்ச்சலில் படுத்திருந்தான் என்றால் அது தற்செயல். ஊழ் என்பது எல்லாம் முடிந்தபிறகு அவன் அம்மா திண்ணையில் உட்கார்ந்து சொல்லும் விளக்கம்.

எழுதத் தொடங்குகிறவர்கள் அணையைப் பற்றி நாலு பக்கம் எழுதிவிடுகிறார்கள். வயல் எந்த மடையில் என்று ஒரு வரி இருக்காது.

கையில் ஒன்றுமே இல்லாத ஆளை வைத்துக் கதை எழுதினால் பொம்மலாட்டம் ஆகிவிடாதா?

ஆகும், சின்ன விஷயங்களிலும் அவர் கையைக் கட்டிவிட்டால்.

திருக்குறளில் 38ஆம் அதிகாரம் ஊழ். அதை மிஞ்சின வலிமை எதுவும் இல்லை என்று முடியும். 62ஆம் அதிகாரம் ஆள்வினையுடைமை. சோராமல் முயல்கிறவன் ஊழையே முதுகு காட்டி ஓடவைப்பான் என்று அது முடியும். பட்டிமன்றக்காரர்களுக்கு இது பிழைப்பு. கதை எழுதுகிறவருக்கு இதில் முரண்பாடே கிடையாது, ஏனென்றால் ஒரே ஆள் காலையில் 62இலும் ராத்திரி 38இலும் இருப்பார். கடைமடைக்காரன் விடிகாலையில் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மடையைப் பார்க்கப் போகிறான். பிரயோஜனமில்லை என்று அவனுக்கே தெரியும். போகிறானா இல்லையா என்பதில்தான் அவன் எப்படிப்பட்ட ஆள் என்பது இருக்கிறது.

2023 டிசம்பர் வெள்ளத்தை வைத்து ஒரு கதை எழுதினேன். நாயகன் வீட்டையே ஆறு அடித்துக்கொண்டு போகிறது. ஏன் யாருக்கும் உறைக்கவில்லை?

இந்தக் கேள்வி எனக்கு நெருக்கமானது, ஏனென்றால் இதே தப்பை நான் பெரிதாகச் செய்தவன். என் முதல் கதையில் ஆடு மேய்க்கிற ஒருத்தன் இடி விழுந்து சாவான். வாசித்து முடித்ததும் எல்லோரும் உச்சுக் கொட்டுவார்கள் என்று காத்திருந்தேன். கூட்டத்தில் ஒரு பெரியவர், சொந்தமாக வயல் வைத்திருந்தவர், தொண்டையைச் செருமிவிட்டுக் கேட்டார்:

"கிடை எங்கவே போட்டிருந்தான்?"

"ஊருக்கு வெளிய, பொத்தை அடிவாரத்துல." (கிடை, ராத்திரி ஆடுகளை அடைத்து வைக்கிற இடம். பொத்தை, சின்னப் பாறைக்குன்று.)

"பொத்தையில எதுக்குப் போடுதான்? கிடை போட்டா வயலுக்கு உரம். வயக்காரன் கூப்பிட்டுல்லா காசு குடுப்பான். இவனை ஏன் ஒருத்தனும் கூப்பிடலை?"

என்னிடம் பதில் இல்லை. இடி ஏன் விழுந்தது என்று அவர் கேட்கவே இல்லை. இடிக்கு யாரும் காரணம் கேட்பதில்லை. அவன் அங்கே நின்றதற்குத்தான் காரணம் வேண்டும். ஊருக்குள் அவனுக்கும் யாருக்கும் என்ன தகராறு, எந்த வயல்காரனிடம் என்ன பாக்கி, பொத்தையைத் தவிர வேறு இடம் கிடைக்காமல் போனது எந்த நாளிலிருந்து என்பதெல்லாம் நான் எழுதாமல் விட்ட கதை.

வெள்ளமும் அப்படித்தான். அந்த டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை. எண்ணைப் பார்த்து நமக்கே மலைப்பு, அதனால் கதையிலும் எண்ணைக் கொட்டிவிடுகிறோம். 17ஆம் தேதி இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தோடு நின்றுபோனது. தண்டவாளத்துக்கு அடியில் இருந்த ஜல்லியை வெள்ளம் அரித்துக்கொண்டு போய்விட்டது, கம்பி அந்தரத்தில் தொங்கியது. ஏறக்குறைய 800 பயணிகள் மாட்டிக்கொண்டார்கள். இவ்வளவும் செய்தி.

இனி நான் கற்பனையாகச் சொல்லுகிறேன். ஒரே பெட்டியில் எதிரெதிர் சீட்டில் இரண்டு பேர். ஒருத்தி செவ்வாய்க்கிழமை காலை சென்னையில் நேர்முகத் தேர்வுக்குப் போகிறவள். அவள் அண்ணன் ஞாயிறு பகல் வண்டிக்கே டிக்கெட் போடச் சொன்னான். வீட்டில் மீன் குழம்பு வைத்துவிட்டார்கள், சாப்பிட்டுப் போ என்று அம்மா நிறுத்திவிட்டாள். எதிரில் இருப்பவர் வட்டிக்காரனுக்குப் பயந்து ஊரைவிட்டுக் கிளம்பியவர். செல்போனில் சிக்னல் போனதும் அவருக்குப் பல மாதம் கழித்து முதல் நிம்மதியான தூக்கம். அவள் விடிய விடிய ஜன்னலில் இருட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். காலையில் இரண்டு பேரும் ஒரே பாக்கெட் பிஸ்கட்டைப் பங்கு போடுகிறார்கள். ஒரே தண்ணீர், ஒரே பெட்டி. உங்கள் நாயகனின் வீடு போனது எங்களுக்கு உறைக்காததற்குக் காரணம், அவன் ஏன் ஆற்றுப் புறம்போக்கில் வீடு கட்டினான் என்று நீங்கள் சொல்லாததுதான்.

ஒரு கதையில் எத்தனை தற்செயல் வைத்துக்கொள்ளலாம்?

ஒன்று. அதையும் கடன் என்று நினைத்துக்கொள்ளுங்கள், திருப்பிக் கட்ட வேண்டும்.

சிலப்பதிகாரத்தில் கோவலன் சிலம்பை விற்கப் போகிறான். அத்தனை பெரிய மதுரையில் அவன் எதிர்ப்படுவது, பாண்டிமாதேவியின் சிலம்பைத் திருடி ஒளித்து வைத்திருக்கும் அதே பொற்கொல்லன். எங்கள் கூட்டத்தில் யாராவது இப்படி எழுதிக் கொண்டுவந்தால் தாளைக் கிழித்துவிடுவோம். இளங்கோ எப்படித் தப்பிக்கிறார்? ஊழ்வினை வந்து ஊட்டும் என்று பதிகத்திலேயே சொல்லிவிட்டார் என்பது பரீட்சை விடை. எனக்குப் படுவது வேறு. அந்தச் சந்திப்புக்குப் பிறகு நடப்பதில் எதுவும் தற்செயலாக இல்லை. பொற்கொல்லன் அரண்மனைக்குப் போய்ச் சேரும் நேரம், அரசன் ஊடலோடு எழுந்துபோன மனைவியைச் சமாதானப்படுத்தப் போய்க்கொண்டிருக்கிறான். விசாரிக்கப் பொறுமை இல்லை. சிலம்பு கள்வன் கையில் இருந்தால் அவனைக் கொன்று சிலம்பைக் கொண்டுவாருங்கள் என்று போகிற போக்கில் சொல்லிவிடுகிறான். வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்த அதிகாரி ஃபைலைப் படிக்காமல் கையெழுத்துப் போடுவதை நாம் பார்த்ததில்லையா? இளங்கோ அந்த இடத்திலும் வினை விளையும் காலம் என்று ஊழைத்தான் காட்டுகிறார். ஆனால் ஊழ் வருகிற பாதையை அவர் மனுஷ சுபாவத்தின் வழியாகப் போட்டிருக்கிறார். கடனைக் கட்டிவிட்டார்.

பெரிய சம்பவம் எதுவும் இல்லாமல் சூழ்நிலையைக் காட்ட முடியுமா?

அதுதான் கஷ்டம். அதுதான் எனக்குப் பிடித்ததும்.

முக்கூடல், ஆலங்குளம், கடையம் பக்கம் போனால் திண்ணைக்குத் திண்ணை பீடி சுற்றுகிற பெண்கள். அவர்களில் ஒருத்தியை இட்டுக்கட்டுகிறேன், பேர் இசக்கியம்மாள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு இலை, இவ்வளவு தூள் என்று கடையில் நிறுத்துக் கொடுப்பார்கள். தூள் பிரச்சினை இல்லை. இலை ஒடிசா, சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசக் காடுகளிலிருந்து வருவது. ஓட்டை, பூச்சி அரிப்பு, முறுகல் எல்லாம் எடைக்குள் சேர்த்தி. முந்தின ராத்திரி இலையை நனைத்து, ஈரச் சாக்கில் சுற்றி வைக்கிறாள். காலையில் தகட்டை வைத்துக் கத்தரியால் வெட்டிப் பார்த்தால் எண்ணூற்றைம்பதுக்குத்தான் தேறுகிறது. குறைந்த நூற்றைம்பதுக்கு அவள் கைக்காசில் இலை வாங்கியாக வேண்டும். சாயங்காலம் கடையில் ஆயிரம் காட்டணும்.

சாயங்காலம் ஆறு மணி, கடையில் வரிசை. சுளகில் கட்டுகள், கட்டுக்கு இருபத்தைந்து. பீடி பார்க்கிறவர் ஒரு கட்டை எடுத்து உள்ளங்கையில் தட்டுகிறார், பெருவிரலால் தலைப்பை நெருடிப் பார்த்து நாலை உருவித் தனியாகப் போடுகிறார்.

"அண்ணாச்சி, நீங்க குடுத்த இலைதான. ஓட்டையா இருந்தா நான் என்ன செய்ய?"

"நான் என்ன தாயி, காட்டுக்குப் போயா பறிச்சேன்? வந்ததைக் குடுக்கேன்."

அவர் சொல்லுவதும் நிஜம். காட்டில் கோடையில் எந்த நேரத்தில் பறித்தார்கள், யார் காயப் போட்டார்கள், எந்தக் குடோனில் எத்தனை மாதம் கிடந்தது என்பது இந்த வரிசையில் நிற்கிற யாருக்கும் தெரியாது. இசக்கியம்மாள் பின்னால் நிற்கிற பக்கத்து வீட்டு மதினியிடம் ஒரு கட்டைக் கடன் வாங்கிக் கணக்கைச் சரிக்கட்டுகிறாள். மதினி மறுபேச்சில்லாமல் கொடுக்கிறாள். அடுத்த மாதம் மதினி வந்து, தன் தம்பிக்கு இவள் மகளைக் கேட்கிறாள். பெண் கல்லூரியில் இரண்டாம் வருஷம். இசக்கியம்மாளுக்கு வாயைத் திறந்து "முடியாது" என்று சொல்ல ஏதோ தடுக்கிறது. ஒரு கட்டுப் பீடிக்கா? ஒரு கட்டுக்கு இல்லை, எத்தனையோ கட்டுக்கு.

ஒடிசாக் காட்டிலிருந்து ஒரு பெண்ணின் கல்யாணம் வரைக்கும் ஒரு நூல் ஓடுகிறது. பாத்திரங்களுக்கு அந்த நூல் தெரியாது. வாசகருக்கு லேசாகத் தெரிந்தால் போதும். நீங்கள் அதைப் பிடித்து இழுத்துக் காட்டினால் கட்டுரையாகிவிடும்.

தலைமுறை தாண்டிய சூழ்நிலையை எப்படிக் கொண்டுவருவது? பின்கதையே பத்துப் பக்கம் போகிறது.

பின்கதை எழுதாதீர்கள். ஒரு தேதி, ஒரு பொருள் போதும்.

மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தைப் பாருங்கள். 1929இல் சிங்கம்பட்டி ஜமீன் நிலத்துக்குப் போட்ட 99 வருஷக் குத்தகை. விரல்விட்டு எண்ணினால் 2028. மலையேறிப் போன கூலிக்காரர்களின் பேரன் பேத்திகள் அந்த லயன் வீடுகளிலேயே, தோட்டத்து வரிசை வீடுகளிலேயே, பிறந்து வளர்ந்தார்கள். அதே தொழிலாளர்களுக்காகத் திருநெல்வேலியில் ஊர்வலம் போனபோதுதான், 1999 ஜூலை 23 அன்று, போலீஸ் தடியடியில் ஆற்றுக்குள் விரட்டப்பட்டுக் கைக்குழந்தை உட்பட 17 பேர் இறந்தார்கள். 2024இல் மிச்சமிருந்தவர்களிடம் விருப்ப ஓய்வு எழுதி வாங்கி, இறங்கச் சொன்னார்கள். பிறப்பதற்கு முன்பே யாரோ போட்ட கையெழுத்து ஒருத்தரின் கடைசி வேலைநாளைத் தீர்மானிக்கிறது.

இதை எழுத ஜமீன் வரலாறு வேண்டாம். 2020வாக்கில் லயன் வீட்டு முற்றத்தில் ஒரு பலாக்கன்று வைக்கலாமா என்று புருஷனும் பெண்டாட்டியும் பேசுகிற அரைப்பக்கம் எழுதுங்கள். காய்க்க ஏழெட்டு வருஷம் ஆகும் என்கிறான் அவன். அவள் பதில் சொல்லாமல் தண்ணீர்ச் சருவத்தை நகர்த்தி வைக்கிறாள். கன்று வாசலிலேயே பாலித்தீன் பையோடு கிடந்து காய்கிறது. குத்தகை என்ற சொல் கதையில் வரவே வேண்டாம்.

முடிவு முன்பே தெரிந்துவிட்டால் வாசகர் ஏன் படிக்க வேண்டும்?

கோயில் கொடைவிழாவுக்குப் போய் வில்லுப்பாட்டு கேட்டதுண்டா? முத்துப்பட்டன் கதை பாடும்போது கீழே உட்கார்ந்திருக்கிற சின்னப்பிள்ளைக்குக்கூட அவன் சாகப்போவது தெரியும். அவன் தெய்வமாகிக் காரையாறு சொரிமுத்து ஐயனார் கோயிலில் நிற்கிறான், ஆடி அமாவாசைக்கு எல்லோரும் போய்க் கும்பிட்டுவிட்டு வந்தவர்கள்தான். இருந்தும் நடுச்சாமம் வரை எழுந்திருக்க மாட்டார்கள்.

என்ன நடக்கும் என்பது அவர்களுக்கு வேண்டியதில்லை. பிராமணனாகப் பிறந்தவன் செருப்புத் தைக்கிற குடும்பத்தில் அக்கா தங்கை இருவரையும் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டு, பூணூலையும் குடுமியையும் விட்டுவிட்டு வந்து நிற்கிற இடத்தில் பாடுகிறவர் குரலை இறக்குவார், குடத்துக்காரரும் தட்டுவதை நிறுத்திக்கொள்வார். திரும்பிப் போக இன்னும் வழி இருக்கிறது என்று ஒரு கணம் எல்லோருக்கும் தோன்றும். அதன்பிறகு வில்லில் வீசுகோல் விழும். மாடு திருட வந்தவர்களோடு மோதி அவன் மாண்டுபோகிற இடத்தைவிட எனக்கு அந்த நிறுத்தம்தான் பெரிது. முடிவை மறைத்து வைத்துக் கடைசி வரியில் திடுக்கிட வைக்கிற கதைகளை இரண்டாம் தடவை படிக்க முடிவதில்லை.

எல்லாவற்றையும் சூழ்நிலை தலையில் போட்டால் கெட்டவன் தப்பித்துவிடுவானே?

பீடிக் கடையில் கழிக்கிறவருக்கும் மேலே ஒருத்தர் இருக்கிறார் என்று காட்டுங்கள். நாலு கழிக்க வேண்டிய இடத்தில் அவர் எட்டுக் கழித்ததையும் காட்டுங்கள். அந்த அதிகப்படி நாலு அவருடையது.

சாதியைச் சூழ்நிலை என்று எழுதலாமா?

பிறந்தவனுக்கு அது கையில் இல்லாதது. அதை வைத்துக் கொடுமை செய்கிறவனுக்கு ஒவ்வொரு தடவையும் கையில் இருப்பது. மழையையும் சாதியையும் ஒரே மாதிரி எழுதினால் இரண்டாவது ஆளுக்கு நாம் மன்னிப்புச் சீட்டு எழுதிக் கொடுத்த மாதிரி ஆகும். நம் பக்கத்துக் கதைகளில் இந்தத் தப்பு நிறைய. "காலம் அப்படி" என்று ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனும் அவன் தங்கையும் வெட்டப்பட்ட பிறகு, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அரசு ஒருநபர் குழு அமைத்தது. பள்ளியில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கட்டுவதைத் தடை செய்ய வேண்டும் என்பதும் அதன் பரிந்துரைகளில் ஒன்று. கயிறு என்ன பெரிய விஷயம் என்று வெளியூர்க்காரர் கேட்கலாம். ஆறாம் வகுப்புக்குப் போகிற பையன், டவுன் பஸ், பின்சீட்டு. ஊர்க்கார அண்ணன் ஒருத்தன் "கையை நீட்டுலே" என்று கயிற்றைக் கட்டுகிறான். பையனுக்குப் பெருமை, அண்ணன் தன்னைப் பெரிய ஆளாகச் சேர்த்துக்கொண்டானே என்று. அவன் சிநேகிதன் மூன்று சீட்டு முன்னால் உட்கார்ந்து திரும்பிப் பார்க்கிறான். முடிச்சுப் போடும்போது அந்த அண்ணனின் விரல்களைப் பற்றி எழுதுங்கள். அவன் போடாமலும் இருந்திருக்கலாம்.

நல்லது தற்செயலாக நடக்கக் கூடாதா?

தாராளமாக. நல்ல மழையும் கையில் இல்லாததுதான். பாபநாசம் அணை 143 அடியைத் தொட்ட வருஷம் கடைமடைக்காரனும் ராஜா. ஆனால் அந்த வருஷம் நெல் விலை இறங்கும், மறந்துவிடாதீர்கள்.

உரையாடலை நெல்லைத் தமிழில் எழுதணுமா?

தலைப்புக்குச் சம்பந்தமில்லாத கேள்வி, மாதாமாதம் வருகிறது. உங்கள் வீட்டில் பேசுகிற மாதிரி எழுதுங்கள். வரிக்கு வரி "ஏலே" போடுவது சினிமாக்காரர் வேலை.

கதையில் சூழ்நிலை சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது?

நாளைத் தள்ளிப் பார்ப்பேன். வெள்ளத்தை, விலைச் சரிவை, உத்தரவை, எதுவாக இருந்தாலும் கதைக்குள் ஒரு வாரம் பின்னால் தள்ளி வைத்து யோசிப்பது. எதுவும் மாறவில்லை என்றால் அது வெறும் பின்னணிப் படம். எல்லாமே மாறி ஆள் தப்பித்து ஓடிவிடுகிறான் என்றால் கதை முழுக்கத் தற்செயலில் தொங்குகிறது. ஒரு வாரம் தள்ளினாலும் அதே ஆள் வேறு வாசல் வழியாக அதே இடத்துக்கு வந்து நிற்கிறான் என்றால் கதையை அப்படியே விடலாம்.

அந்த ஆட்டுக்காரன் கதையை நாலு வருஷம் கழித்து இப்படிச் சோதித்துத் திருப்பி எழுதினேன். இடியை எடுத்துவிட்டேன். போன வருஷம் அவன் ஆடு ஒருத்தர் உளுந்தில் இறங்கிவிட்டது, அபராதத்தைக் கட்டவில்லை, அதனால் யாரும் கிடைக்குக் கூப்பிடுவதில்லை. பொத்தை அடிவாரத்தில் மழையில் நிற்கிறான், அவ்வளவுதான் கதை. கூட்டத்தில் வாசித்தேன். பெரியவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார், தூங்கிவிட்டாரோ என்றுகூட நினைத்தேன்.

"இப்ப ஆடு எங்க நிக்குன்னு தெரியுது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நாயை எங்கவே விட்டான்?"